எங்கே வலிக்கிறது?

உடம்புக்குள் எது எங்கே இருக்கிறது? அது என்ன வேலை செய்கிறது?

ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்கும் முதல் கேள்வி இதுதான்: "எங்கே வலிக்கிறது?"

கேள்வி சின்னது. ஆனால் பதில் சொல்லத் தெரியாமல் விழிப்பவர்கள் ஏராளம்.

"உடம்பெல்லாம் வலிக்குதுங்க" என்பார் ஒருவர். "உள்ளுக்குள்ளே என்னமோ பண்ணுதுங்க ஐயா" என்பார் இன்னொருவர். வயிற்றைத் தொட்டுக் காட்டி, "நெஞ்சு வலி" என்பார் ஒரு பாட்டி. நெஞ்சைத் தடவிக்கொண்டே, "ஒண்ணும் இல்லீங்க, வாயு" என்பார் ஒரு பெரியவர்.

நம் வீட்டில் அரிசிப் பானை எங்கே இருக்கிறது, விளக்கு எங்கே இருக்கிறது என்று இருட்டிலும் நமக்குத் தெரியும். பிறந்த நாள் முதல் குடியிருக்கும் இந்த உடம்பில் எது எங்கே இருக்கிறது என்று கேட்டால் மட்டும் தெரியாது. தெரியாமல் போவதால் பணம் போகிறது. சில சமயம் உயிரே போய்விடுகிறது.

கறிக்கடையில் ஒரு பாடம்

ஞாயிற்றுக்கிழமை காலையில் கறிக்கடைக்குப் போகிறவர்களுக்கு இந்தப் பாடம் பாதி தெரியும். (கறிக்கடைப் பக்கமே போகாதவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ள வேண்டும்.)

ஆட்டின் உள்ளே இருப்பதுதான் பெரும்பாலும் நம் உள்ளேயும் இருக்கிறது. "ஈரல்" என்று கடைக்காரர் வெட்டித் தருவது கல்லீரல். "சுவரொட்டி" என்று கேட்டு வாங்கி, சோகை பிடித்த பிள்ளைகளுக்குச் சுட்டுக் கொடுக்கிறோமே, அது மண்ணீரல். "குண்டிக்காய்" என்பது சிறுநீரகம். "போட்டி" என்று அலசி அலசிச் சுத்தம் செய்கிறோமே, அது குடலும் இரைப்பையும். ஆட்டின் இரைப்பைக்கு நான்கு அறைகள். அசை போடும் பிராணி அல்லவா! நமக்கு ஒரே பைதான்.

தமிழில் "ஈரல்" என்ற பெயர் மூன்று உறுப்புகளுக்கு இருக்கிறது. நுரையீரல், கல்லீரல், மண்ணீரல். மூன்றும் வேறு வேறு. ஆனால் "ஈரல் கெட்டுவிட்டது" என்று மொட்டையாகச் சொல்கிறோம். எந்த ஈரல்?

நுரையீரல் நெஞ்சுக்கூட்டுக்குள் இரண்டு பக்கமும் இருக்கிறது. பெயரிலேயே நுரை இருக்கிறது. நுரை போலவே உள்ளே காற்று நிறைந்தது. தண்ணீரில் போட்டால் மிதக்கும். அதற்குள் மிக நுண்ணிய காற்றுப் பைகள் 30 கோடிக்கு மேல் இருக்கின்றன. மூச்சுக் காற்றில் உள்ள பிராண வாயு அந்தப் பைகளின் மெல்லிய சுவர் வழியாக ரத்தத்தில் கலக்கிறது. ரத்தத்தில் உள்ள கரியமில வாயு வெளியே வருகிறது. நுரையீரலுக்குத் தானாக விரியும் சக்தி கிடையாது. நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே குடை மாதிரி ஒரு தசை இருக்கிறது. அதற்கு உதரவிதானம் என்று பெயர். அது கீழே இறங்கினால் காற்று உள்ளே வரும். மேலே ஏறினால் காற்று வெளியே போகும். விக்கல் வருகிறதே, அது இந்தத் தசை திடீர் திடீரென்று சுண்டுவதால் வருவது. யாரும் நம்மை நினைப்பதால் அல்ல!

கல்லீரல் வலது பக்கம், கடைசி விலா எலும்புகளுக்கு உள்ளே இருக்கிறது. உடம்பின் உள்ளுறுப்புகளில் மிகப் பெரியது. ஏறக்குறைய ஒன்றரைக் கிலோ எடை. குடலிலிருந்து வரும் சத்துகள் முதலில் இங்கேதான் வருகின்றன. சர்க்கரையைச் சேமித்து வைப்பது, விஷத்தை முறிப்பது, பித்த நீரைச் சுரப்பது எல்லாம் இதன் வேலை. பித்த நீர் கல்லீரலின் அடியில் ஒட்டிக்கொண்டிருக்கும் சிறு பையில் சேருகிறது. அதுதான் பித்தப்பை. தலை சுற்றினாலும், வாய் கசந்தாலும், "பித்தம் தலைக்கேறிவிட்டது" என்கிறோம். பித்தப்பையிலிருந்து தலைக்கு வழி கிடையாது. குடலுக்குத்தான் வழி. அந்த வழி அடைபட்டாலும், கல்லீரல் வீங்கினாலும், பித்தத்தின் மஞ்சள் நிறம் ரத்தத்தில் கலந்து கண்ணில் தெரியும். அதைத்தான் மஞ்சள் காமாலை என்கிறோம். அது ஒரே ஒரு நோயின் பெயர் அல்ல. பல நோய்களின் அடையாளம். ஆகவே, காமாலைக்கு எல்லாருக்கும் ஒரே மருந்து என்று யார் சொன்னாலும் நம்ப வேண்டாம்.

மண்ணீரல் இடது பக்கம் விலா எலும்புக்குள் ஒளிந்திருக்கிறது. நம் ரத்தத்தின் சிவப்பணுக்களுக்கு ஆயுள் ஏறக்குறைய 120 நாட்கள்தான். கிழடான அணுக்களை வடிகட்டி அழிக்கும் இடங்களில் மண்ணீரல் முக்கியமானது. மலேரியாக் காய்ச்சலில் இது வீங்கும்.

தமிழில் எழுதிய அமெரிக்கர்

இந்தப் பெயர்கள் பலவும் சித்த வைத்தியர்களின் வாயில் பழங்காலம் முதல் இருந்தவை. ஆனால் மேல்நாட்டு வைத்தியப் பாடத்தைத் தமிழிலேயே படிக்கலாம் என்று புத்தகம் போட்டுக் காட்டியவர் ஒரு அமெரிக்கர் என்றால் ஆச்சரியமாக இருக்கும்.

அவர் பெயர் டாக்டர் சாமுவேல் பிஸ்க் கிறீன். 1822-ல் அமெரிக்காவில், மாசசூசெட்ஸ் மாநிலத்து வூஸ்டர் நகரில் பிறந்தவர். மிஷன் டாக்டராக 1847-ல் யாழ்ப்பாணம் வந்தார். மானிப்பாயில் ஆஸ்பத்திரி நடத்தினார். தமிழ் கற்றார். உள்ளூர்ப் பையன்களுக்கு வைத்தியம் சொல்லிக் கொடுத்தார். முதலில் இங்கிலீஷில்தான் பாடம் நடந்தது. பிறகு, "கிராமத்தில் வேலை செய்யப் போகிறவனுக்குக் கிராமத்து மொழியில்தான் பாடம் வேண்டும்" என்ற முடிவுக்கு வந்து, தமிழுக்கே மாற்றிவிட்டார். முப்பதுக்கு மேற்பட்டவர்கள் தமிழிலேயே படித்து டாக்டர் ஆனார்கள்.

உடம்பின் அமைப்பைச் சொல்லும் சாஸ்திரத்துக்கு அவர் வைத்த பெயர் "அங்காதிபாதம்". உறுப்புகள் செய்யும் வேலையைச் சொல்லும் சாஸ்திரத்துக்கு "சுகரணம்". இன்று இந்த இரண்டு சொற்களும் வழக்கில் இல்லை. உடற்கூறு, உடலியல் என்று பள்ளிக்கூடப் புத்தகங்களில் படிக்கிறோம். சொல் மாறினால் என்ன? நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்பே ஒருவர் அதைத் தமிழில் சொல்ல முடியும் என்று நம்பினார். 1884-ல் அவர் தம் சொந்த ஊரில் இறந்தார். தமிழருக்குத் தொண்டு செய்த மருத்துவர் என்று அவருடைய கல்லறையில் இங்கிலீஷில் பொறித்திருக்கிறது.

வாயுவா, இருதயமா?

இனி, இந்தக் கட்டுரையின் முக்கியமான இடத்துக்கு வருவோம்.

இருதயம் எங்கே இருக்கிறது? கேட்டவுடன் எல்லாரும் இடது மார்பில் கை வைப்பார்கள். அது முழுக்கச் சரி அல்ல. இருதயம் நடு நெஞ்சில், நெஞ்செலும்புக்குப் பின்னால் இருக்கிறது. அதன் கீழ் முனை மட்டும் இடது பக்கம் சாய்ந்திருக்கிறது. அந்த முனை துடிப்பது கைக்குத் தெரிவதால், இருதயமே இடது பக்கம் இருப்பதாக நினைக்கிறோம்.

அவரவர் கையை மூடினால் எவ்வளவு பெரிதோ, ஏறக்குறைய அவ்வளவுதான் அவரவர் இருதயம். அது ஒரு தசைப் பை. தண்ணீர் இறைக்கும் பம்பு மாதிரி வேலை செய்கிறது. உள்ளே நான்கு அறைகள். வலது பக்கத்து அறைகள், உடம்பைச் சுற்றிவிட்டு வரும் ரத்தத்தை வாங்கி நுரையீரலுக்கு அனுப்புகின்றன. இடது பக்கத்து அறைகள், நுரையீரலில் சுத்தமாகி வரும் ரத்தத்தை வாங்கி உடம்பு முழுவதும் அனுப்புகின்றன. நிமிடத்துக்கு 72 துடிப்பு என்று வைத்துக்கொண்டாலும், ஒரு நாளைக்கு ஒரு லட்சம் துடிப்புக்கு மேல் ஆகிறது. லீவு கிடையாது. ராத்திரி ஷிப்டுக்கு மாற்று ஆளும் கிடையாது.

இப்படி ஊருக்கெல்லாம் ரத்தம் இறைக்கும் இருதயத்துக்கும் பசி உண்டு. அதன் தசைக்கும் ரத்தம் வேண்டும். அதற்கென்று தனிக் குழாய்கள் இருதயத்தின் மேலேயே படர்ந்திருக்கின்றன. அவற்றின் கனம் எவ்வளவு தெரியுமா? பேனாவுக்குள் போடும் ரீபிள் அளவுதான்! புகையிலை, சர்க்கரை வியாதி, ரத்தக் கொதிப்பு, கொழுப்பு ஆகியவற்றால் அந்தக் குழாயின் உள்பக்கம் படிப்படியாகத் தடித்துப் போகிறது. ஒரு நாள் அங்கே ரத்தம் உறைந்து அடைத்துக்கொள்கிறது. அடைப்புக்கு அப்பால் உள்ள தசை மூச்சு முட்டிச் சாக ஆரம்பிக்கிறது. இதுதான் மாரடைப்பு.

இருதயத்துக்குக் கீழே உதரவிதானம். அதற்குக் கீழே இரைப்பை. நடுவில் உள்ளது ஒரு மெல்லிய தசைதான். இருதயத்திலிருந்து போகும் நரம்புகளும், இரைப்பை, கை, தாடை ஆகிய இடங்களிலிருந்து போகும் நரம்புகளும் பக்கத்தில் பக்கத்தில் போய்ச் சேருகின்றன. ஆகவே மூளை சில சமயம் ஏமாந்துவிடுகிறது. வலி கிளம்புவது இருதயத்தில். தெரிவதோ நெஞ்சுக்குழியில்! சிலருக்கு இடது தோளில். சிலருக்குத் தாடையில். சிலருக்கு முதுகில்.

நெஞ்சுக்குழியில் வலி என்றவுடன் வீட்டில் என்ன நடக்கிறது?

"ராத்திரி சாப்பிட்ட மொச்சைக் கொட்டை ஒத்துக்கொள்ளவில்லை" என்பார் வீட்டுக்காரர். "ஒரு சோடா வாங்கிக்கிட்டு வாடா" என்பார் அப்பத்தா. "பூண்டைச் சுட்டுக் கொடு" என்பார் பக்கத்து வீட்டு அக்கா. சோடா குடித்தவுடன் பெரிதாக ஒரு ஏப்பம் வரும். "பார்த்தியா, வாயுதான்!" என்று எல்லாரும் நிம்மதியாகப் படுக்கப் போவார்கள். சோடா குடித்தால் யாருக்கும் ஏப்பம் வரும். மாரடைப்பு வந்தவருக்கும் வரும். அதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. இப்படி சோடாவிலும் பூண்டிலும் போகும் இரண்டு மூன்று மணி நேரத்தில்தான் பலருடைய விதி முடிவாகிறது.

நெஞ்சில் பாறாங்கல்லை வைத்த மாதிரி அழுத்தம், குப்பென்று வியர்வை, மூச்சு வாங்குதல், கை அல்லது தாடைக்குப் பரவும் வலி, வாந்தி வருகிற மாதிரி உணர்வு - இவற்றில் எது வந்தாலும், அது சில நிமிடத்தில் அடங்கவில்லை என்றால், வாயு என்று சொல்லி உட்கார்ந்திருக்கக் கூடாது. சர்க்கரை வியாதிக்காரர்களுக்கும், பெண்களுக்கும், வயதானவர்களுக்கும் வலியே இல்லாமல் வெறும் வியர்வையும் களைப்புமாக வருவது உண்டு. அவர்கள் இன்னும் அதிக ஜாக்கிரதையாக இருக்க வேண்டும்.

உடனே 108-க்குப் போன் செய்யுங்கள். பணம் கிடையாது. நோயாளியை மாடிப்படி இறங்கி நடக்க வைக்காதீர்கள். தானே மோட்டார் சைக்கிள் ஓட்டிக்கொண்டு போக விடாதீர்கள். ஆஸ்பத்திரியில் ஈ.சி.ஜி. எடுத்துப் பார்ப்பார்கள். அடைப்பு இருந்தால், கரைப்பதற்கு ஊசி இருக்கிறது. கை அல்லது தொடையின் ரத்தக் குழாய் வழியாக மெல்லிய கம்பியை விட்டு, அடைப்பைத் திறக்கவும் முடியும். ஆனால் எல்லாம் நேரத்தைப் பொறுத்தது. கல்லீரலில் ஒரு பகுதியை வெட்டி எடுத்தாலும் அது மறுபடி வளர்ந்துவிடும். இருதயத் தசை செத்தால் செத்ததுதான். போய்ப் பார்த்து, உண்மையிலேயே வாயு என்று டாக்டர் சொன்னால்? சிரித்துக்கொண்டே வீட்டுக்கு வரலாம். அதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

வயிற்றில் ஒரு ஜன்னல்

இருதயத்துக்கு அடுத்தபடி நாம் அதிகம் பழி போடுவது வயிற்றின் மேல். அதற்குள் என்னதான் நடக்கிறது? இருநூறு ஆண்டுகளுக்கு முன்பு டாக்டர்களுக்கே சரியாகத் தெரியாது. சாப்பாடு உள்ளே அழுகுகிறது என்றார் ஒருவர். அரைபடுகிறது என்றார் இன்னொருவர். உண்மையைக் காட்டியது ஒரு துப்பாக்கிக் குண்டு.

1822-ம் வருடம் ஜூன் மாதம் 6-ந் தேதி. அமெரிக்காவின் பெரிய ஏரிகளின் நடுவே உள்ள மெக்கினா தீவு. அங்கே தோல் வியாபாரம் செய்யும் கம்பெனியின் கடையில் கூட்டமாக இருந்தது. ஒருவர் கையில் இருந்த துப்பாக்கி தவறிப் போய் வெடித்துவிட்டது. அலெக்சிஸ் செயின்ட் மார்ட்டின் என்ற படகுக்காரரின் இடது விலாவுக்குக் கீழே குண்டு பாய்ந்தது. அவர் பிழைப்பார் என்று யாரும் நினைக்கவில்லை. ராணுவ டாக்டர் வில்லியம் பியூமான்ட் வைத்தியம் செய்தார். ஆள் பிழைத்தார். ஆனால் காயம் விசித்திரமாக ஆறியது. இரைப்பையின் ஓட்டை மூடாமல், தோலோடு ஒட்டிக்கொண்டு ஒரு ஜன்னலாக நின்றுவிட்டது.

அந்த ஜன்னல் வழியாக டாக்டர் உள்ளே பார்த்தார். மாட்டிறைச்சி, ரொட்டி, முட்டைக்கோஸ் முதலியவற்றைப் பட்டு நூலில் கட்டி உள்ளே விட்டார். மணிக்கு ஒரு தடவை வெளியே இழுத்துப் பார்த்தார். இரைப்பையில் ஊறும் நீரைப் புட்டியில் பிடித்து, அதில் இறைச்சியைப் போட்டு வைத்தார். புட்டியிலும் இறைச்சி கரைந்தது! ஜீரணம் என்பது மந்திரமும் அல்ல, அழுகலும் அல்ல, உள்ளே ஊறும் அமில நீர் செய்யும் வேலை என்று தெரிந்தது. சாதாரணச் சாப்பாடு மூன்று நான்கு மணி நேரத்தில் இரைப்பையை விட்டுப் போய்விடுகிறது என்பதையும் கண்ணால் கண்டார். செயின்ட் மார்ட்டினுக்குக் கோபம் வந்தபோது ஜீரணம் கெட்டது. (சாப்பாட்டு வேளையில் வீட்டில் சண்டை போடுகிறவர்கள் கவனிக்க!) 1833-ல் பியூமான்ட் தம்முடைய 238 சோதனைகளையும் புத்தகமாக வெளியிட்டார். உலகம் அவரைப் புகழ்ந்தது.

செயின்ட் மார்ட்டின்? அவர் ஏழை. எழுதப் படிக்கத் தெரியாதவர். பசியோடும் வலியோடும் படுத்துக் கிடந்து சோதனைக்கு உடம்பைக் கொடுத்தவர். நடுவில் ஊருக்கு ஓடிப் போனார். மறுபடி சம்பளம் பேசி அழைத்து வந்தார்கள். டாக்டர் 1853-ல் இறந்தார். இவரோ வயிற்றில் ஓட்டையோடு 1880 வரை வாழ்ந்தார்! அவர் இறந்தபோது, டாக்டர்கள் பிணத்தைக் கேட்டு வருவார்கள் என்று பயந்து, குடும்பத்தார் மிக ஆழமாகக் குழி தோண்டிப் புதைத்தார்கள். புத்தகத்தில் பாதிப் புகழாவது அவருக்குப் போயிருக்க வேண்டும் என்றே சொல்லத் தோன்றுகிறது.

தொக்கம் என்பது என்ன?

அந்த ஏழை காட்டிக் கொடுத்த உண்மை இன்னும் நம் ஊர்களில் பல தாய்மார்களை எட்டவில்லை.

குழந்தை வாந்தி எடுக்கிறது. பேதி போகிறது. "தொக்கம் விழுந்திருக்கிறது. எப்போதோ தின்றது உள்ளே ஒட்டிக்கொண்டிருக்கிறது" என்கிறார்கள். தொக்கம் எடுப்பவரிடம் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள். அவர் குழல் வைத்து ஊதி, உறிஞ்சி, ஏதோ ஒரு துணுக்கை எடுத்துக் காட்டுகிறார். ஒரு வாரத்துக்கு முந்திய சாப்பாடாம் அது!

இரைப்பையில் அவ்வளவு நாள் எதுவும் தங்காது என்பதை இப்போதுதான் பார்த்தோம். இரைப்பையை விட்டுப் போவது சிறுகுடலுக்கு. அது ஏறக்குறைய 20 அடி நீளம். சத்தை உறிஞ்சிக்கொள்வது அதுதான். பிறகு பெருங்குடல். 5 அடி நீளம். அங்கே மிச்சமுள்ள தண்ணீர் உறிஞ்சப்படுகிறது. பேதியில் இந்த உறிஞ்சும் வேலை கெட்டுவிடுகிறது. உடம்பின் தண்ணீரும் உப்பும் வெளியே கொட்டுகின்றன. குழந்தையைக் கொல்வது தொக்கம் அல்ல. தண்ணீர் வற்றிப் போவதுதான்.

அதற்கு அடையாளம் குழந்தையின் தலையிலேயே இருக்கிறது. கைக்குழந்தையின் மண்டையோட்டு எலும்புகள் இன்னும் ஒன்று சேராததால், உச்சியில் மெத்தென்று ஒரு இடம் இருக்கும். அதுதான் உச்சிக்குழி. ஒன்றரை வயதுக்குள் பெரும்பாலும் மூடிவிடும். பேதியின்போது அது பள்ளமாக விழுந்தால் உடம்பில் தண்ணீர் வற்றிவிட்டது என்று அர்த்தம். "உச்சி விழுந்துவிட்டது" என்று சொல்லி எண்ணெய் வைத்துத் தூக்கி விடுகிறார்களே, அதனால் ஒரு பயனும் இல்லை. வயிற்றுக்குத் தண்ணீர் போனால் உச்சி தானே எழும்பும்.

தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள். உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலம் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கிடைக்கும். அது கையில் இல்லாவிட்டால், கொதித்து ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் தலை தட்டிய ஆறு தேக்கரண்டி சர்க்கரையும், அரைத் தேக்கரண்டி உப்பும் போட்டுக் கரையுங்கள். கொஞ்சம் கொஞ்சமாக ஊட்டிக்கொண்டே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அளவு முக்கியம். உப்பு அதிகமானால் கெடுதல்.

"குடல் ஏறிவிட்டது" என்று சொல்லிக் குழந்தையைத் தலைகீழாகப் பிடித்துக் குலுக்குவதும் உண்டு. குடல் அப்படி ஏறவும் இறங்கவும் செய்யாது. ஒரு ஜவ்வு அதை முதுகுப் பக்கச் சுவரோடு சேர்த்துக் கட்டியிருக்கிறது. ஆனால் குடலின் ஒரு பகுதி அடுத்த பகுதிக்குள் செருகிக்கொள்வது கைக்குழந்தைகளுக்கு வருவது உண்டு. குழந்தை விட்டு விட்டு வீறிட்டு அழும். காலை மடக்கும். மலத்தில் ரத்தமும் சளியுமாகப் போகும். அப்போது வயிற்றைத் தடவுவதும் குலுக்குவதும் பேராபத்து. பெரிய ஆஸ்பத்திரிக்கே போக வேண்டும்.

பெரியவர்களுக்கும் ஒரு வார்த்தை. சிறுகுடலும் பெருங்குடலும் சேரும் இடத்துக்குப் பக்கத்தில், விரல் போல ஒரு சிறு வால் தொங்குகிறது. அதுதான் குடல்வால். அது வீங்கினால், முதலில் தொப்புளைச் சுற்றி வலிக்கும். பிறகு வலி வலது அடிவயிற்றுக்கு நகரும். அந்த நேரத்தில் பேதி மருந்து சாப்பிட்டால் வால் வெடித்துவிடக் கூடும்.

சத்தம் போடாத உறுப்பு

இடுப்பு வலித்தால், "கிட்னி போய்விட்டதோ" என்று பயப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். சிறுநீரகங்கள் இடுப்பில் இல்லை. முதுகுப் பக்கம், கடைசி விலா எலும்புகளை ஒட்டி, முதுகெலும்பின் இரு பக்கமும் இருக்கின்றன. அவரை விதை வடிவம். இரண்டும் சேர்ந்து ஒரு நாளில் ஏறக்குறைய 180 லிட்டர் நீரை ரத்தத்திலிருந்து வடிகட்டுகின்றன. அதில் பெரும்பகுதியை உடம்புக்கே திருப்பிக் கொடுத்துவிட்டு, ஒன்றரை லிட்டர் அளவை மட்டும் சிறுநீராக வெளியே தள்ளுகின்றன.

கல் அடைத்தால் சிறுநீரகம் துடிக்க வைக்கும். ஆனால் அது கெட்டுப் போகும்போது பெரும்பாலும் வலிப்பதே இல்லை. கால் வீங்கும்போதுதான் தெரியும். அதற்குள் முக்கால்வாசி போயிருக்கும். இந்த உறுப்பைக் கெடுப்பதில் முதல் இரண்டு இடம் சர்க்கரை வியாதிக்கும் ரத்தக் கொதிப்புக்கும். அவை உள்ளவர்கள் வலிக்கிறதா என்று காத்திருக்காமல், வருடம் ஒரு முறை சிறுநீரையும் ரத்தத்தையும் சோதித்துக்கொள்ள வேண்டும். வலிக்கு மாத்திரை வாங்கி மாதக் கணக்கில் விழுங்குவதும் சிறுநீரகத்துக்கு ஆகாது.

பெயர் சொல்லக் கூசும் உறுப்பு

கர்ப்பப்பை அடிவயிற்றின் நடுவே, மூத்திரப் பைக்குப் பின்னால் இருக்கிறது. சாதாரணமாக ஒரு பேரிக்காய் அளவு. பத்தாம் மாதத்தில் விலா எலும்பு வரை எட்டும். பிரசவமான ஆறு வாரத்தில் பழைய அளவுக்கு வந்துவிடும். உலகத்தில் இப்படி விரிந்து சுருங்கும் பை வேறு எங்கே இருக்கிறது?

இந்த உறுப்பின் பெயரைச் சொல்ல நம் பெண்களுக்குக் கூச்சம். "அடிவயிறு சரியில்லை" என்பதோடு நிறுத்திக்கொள்வார்கள். "அடி இறங்கிவிட்டது" என்பதை மருமகளிடம்கூடச் சொல்லாமல் பத்து வருடம் சுமக்கும் அத்தைமார்கள் உண்டு. தசை தளர்ந்து கர்ப்பப்பை கீழே இறங்குவது சரி செய்யக் கூடிய ஒன்றுதான். மாதவிலக்கு நின்று ஒரு வருடம் கழிந்த பிறகு மறுபடி ரத்தம் பட்டால், அது ஒரு சொட்டானாலும் டாக்டரிடம் காட்ட வேண்டும். கர்ப்பப்பை வாயில் வரும் புற்றுநோயை முன்கூட்டியே சோதித்துத் தடுக்க முடியும். அதற்குத் தடுப்பூசியும் இருக்கிறது. கூச்சத்தால் தாமதித்தவர்களுக்குத்தான் அது எமனாகிறது.

காற்று அடிப்பதில்லை

கடைசியாக மூளை. எடை ஒன்றேகால் கிலோவுக்குச் சற்று மேல். உடம்பின் எடையில் ஐம்பதில் ஒரு பங்குதான். ஆனால் நாம் இழுக்கும் பிராண வாயுவில் ஐந்தில் ஒரு பங்கை அதுவே செலவழிக்கிறது. அதன் இடது பாதி உடம்பின் வலது பக்கத்தையும், வலது பாதி இடது பக்கத்தையும் ஆளுகிறது. ஆகவே மூளையின் ஒரு பக்கத்து ரத்தக் குழாய் அடைத்தாலோ, வெடித்தாலோ, மறு பக்கத்துக் கை கால் விழுந்துவிடுகிறது. அதுதான் பக்கவாதம்.

திடீரென்று வாய் ஒரு பக்கம் கோணும். ஒரு கையைத் தூக்கினால் அது தானே கீழே இறங்கும். பேச்சு குழறும். "காத்து அடிச்சிடுச்சு" என்று விபூதி போடுவதும், புறா ரத்தம் தேடி ஓடுவதும் இன்றும் நடக்கிறது. காற்றும் அடிக்கவில்லை, பேயும் அடிக்கவில்லை. மண்டைக்குள் ஒரு குழாயில் கோளாறு. அவ்வளவுதான். அடைப்பா, ரத்தக் கசிவா என்பதை ஸ்கேன் எடுத்துத்தான் சொல்ல முடியும். அடைப்பு என்றால், அதைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். முந்தினால் இன்னும் நல்லது.

அப்படிப்பட்டவருக்குக் காப்பி, தண்ணீர் எதுவும் கொடுக்காதீர்கள். விழுங்கும் தசையும் விழுந்திருக்கலாம். கொடுத்தது நுரையீரலுக்குள் போய்விடும். ஸ்கேன் வசதி உள்ள ஆஸ்பத்திரிக்கே நேராகக் கொண்டு போங்கள். அங்கே டாக்டர், "கடைசியாக எத்தனை மணிக்கு இவர் நன்றாக இருந்தார்?" என்று கேட்பார். அந்த நேரத்தைக் கணக்கிட்டுத்தான் ஊசி போடலாமா, கூடாதா என்று முடிவு செய்வார். பதற்றத்தில் யாருக்கும் ஞாபகம் வராது. கிளம்பும்போதே அந்த மணியை ஒரு தாளில் எழுதிக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.